வாடகை வீட்டுக்குள் சிகரட்: மஞ்சளாகிப்போன சுவருக்கு யார் பொறுப்பு?

நாவற்குடா அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாவற்குடாவில் எங்களுக்கு மேல் கீழ் இரண்டு தட்டு வீடு இருக்கிறது. மகளுக்கென்று கட்டியது. மகளும் மருமகனும் கொழும்பில் வேலை என்பதால் கீழ்த்தட்டை இரண்டு வருடம் வாடகைக்குக் கொடுத்திருந்தோம். மாதம் 35,000, ஆறு மாத அட்வான்ஸ் 210,000. வந்தவர் மரியாதையான பிள்ளை. வாடகை ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. படலையடியில் நின்று கதைத்தபோதே, "சிகரட் பிடிப்பீங்களா தம்பி?" என்று கேட்டேன். "பிடிப்பன் அம்மா, ஆனா வீட்டுக்குள்ள பிடிக்க மாட்டன்" என்றார். அந்தச் சொல்லை நம்பிச் சிகரட்டைப் பற்றி எதையும் எழுதவில்லை.

போன கிழமை சாவியைத் தந்துவிட்டுப் போனார். உள்ளே போய்ப் பார்த்தேன். முன் அறையில் அவர் தொங்கவிட்டிருந்த கலண்டரைக் கழற்றியிருந்தார். அந்த இடம் மட்டும் நாலு மூலையும் வெட்டி எடுத்தாற்போல வெள்ளை. சுற்றிவரச் சுவர் முழுக்கத் தேயிலைச் சாயம். சீலிங்கில் காற்றாடிக்கு மேலே அது இன்னும் கடுமையாக வட்டம் போட்டிருக்கிறது. ஈரத்துணியால் ஒரு சாண் துடைத்துப் பார்த்தேன். துணியைப் பிழிந்தால் பிளேன்ரீ நிறத்தில் தண்ணீர் வந்தது. ஏசியைப் போட்டால் பழைய சிகரட் மணம் அறையை நிறைக்கிறது. யன்னல் சட்டத்தில் மூன்று இடங்களில் மரம் கருகியிருக்கிறது.

மகள் இப்போது ஏழு மாதம், தலைப்பிள்ளை. பிள்ளைப்பேற்றுக்கு இந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். இந்த மணத்துக்குள் பச்சைக் குழந்தையை எப்படிக் கிடத்துவது என்று எனக்கு இரவில் நித்திரை இல்லை.

பெயின்ற் அடிக்க 110,000 கேட்கிறார்கள். அட்வான்சில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாமா? அவரிடம் கேட்டதற்கு, "இரண்டு வருசம் இருந்தால் பெயின்ற் மங்கும்தானே அம்மா" என்கிறார். மேல்தட்டையும் அடுத்த மாதம் வாடகைக்குக் கொடுக்க இருக்கிறோம். இந்தமுறை எழுத்தில் என்ன போட வேண்டும்?


கல்லடி வாடகைக்காரன்

அம்மா, நான் பதினேழு வருடமாகச் சிகரட் பிடிக்கிறவன். கல்யாணம் முடித்த பிறகு நான்கு வாடகை வீடு மாறியிருக்கிறேன். அதனால் இருக்கிறவனின் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

சுவரில் இருக்கும் எல்லாக் கறையும் சிகரட்டால் வந்ததல்ல. மட்டக்களப்பில் நுளம்புத்திரி கொளுத்தாத வீடு எது? வெள்ளிக்கிழமைக்குச் சாம்பிராணி, பக்கத்தில் குசினிப் புகை. கடலோர வீடு என்றால் உப்புக்காற்றில் பெயின்ற் தானாகவே பொருக்குவிடும். நான் கடைசியாக இருந்த வீட்டில் மழைநீர் ஒழுகிய கறைக்கும் என்னைத்தான் காட்டினார்கள். அட்வான்ஸ் என்பது சும்மா கிடந்த காசல்ல. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்த காசு. வெளியேறுகிற நாளில் அதில் பாதியைக் காணவில்லை என்றால் அடுத்த வீட்டுக்கு எதைக் கொடுப்பது?

ஆனால் ஒன்று. வீட்டுக்குள் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிடித்தது பிழை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. 110,000 முழுவதையும் அவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை என்கிறேன், அவ்வளவுதான்.


உறுதிக்கட்டு

நான் நகரில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் 14 வருடமாக எழுதுவினைஞர். சட்டத்தரணி அல்ல. தினமும் குத்தகை உறுதிகளைத் தட்டச்சுச் செய்கிறவன் என்ற அளவில் சொல்கிறேன்.

முதலில் பலர் நினைக்கிற ஒரு விடயம். "சிகரட்டுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறதே, அதைக் காட்டலாம்தானே" என்று கேட்பார்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அதாவது புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் மூடிய இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதும் அதே சட்டத்தில் குற்றம். ஆனால் ஒருவர் குடியிருக்கும் வீட்டின் அறைக்குள் அது வராது. அங்கே ஆட்சி செய்வது நீங்களும் அவரும் எழுதிய ஒப்பந்தம்.

இனி உங்கள் ஒப்பந்தத்துக்கு வருவோம். இரண்டு வருடம் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்திருப்பீர்கள், அப்படித்தானே? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடக் குத்தகை என்று அது நிற்காது. மாதா மாத வாடகை என்றே பார்க்கப்படும். நம் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் இதை அறியாமல் கடையில் விற்கும் படிவத்தை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பிரச்சினை வந்த பிறகுதான் எங்கள் மேசைக்கு வருவார்கள்.

ஆனால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதவில்லை என்பதற்காக எல்லாம் போய்விடாது. இங்கே வீட்டுக் குத்தகைக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம், அதாவது ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் பொதுச் சட்டம். பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் கடமை குடியிருந்தவருக்கு உண்டு. நியாயமான பாவனையால் வந்த தேய்மானம் மட்டும் விலக்கு. ஆகவே "புகைபிடிக்கக்கூடாது என்ற நிபந்தனையை மீறினார்" என்று உங்களால் சொல்ல முடியாது, அப்படி ஒரு நிபந்தனையை நீங்கள் எழுதவில்லை. "பாவனைத் தேய்மானத்துக்கு மேலான சேதத்தோடு திருப்பித் தந்தார்" என்று சொல்லலாம். இரண்டும் வேறு வேறு.

அதற்குக் கொடுக்கும்போது வீடு எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். போட்டோ ஏதும் இருக்கிறதா?


நாவற்குடா அம்மா

போட்டோ என்று தனியாக எடுக்கவில்லை தம்பி. ஆனால் குடிபூரலுக்குப் பால் பொங்க வைத்தபோது எடுத்த வீடியோ இருக்கிறது. முன் அறைச் சீலிங் அதில் நன்றாகத் தெரிகிறது, பால்போல வெள்ளை. அவர் வந்தது அதற்கு ஐந்து மாதத்துக்குப் பிறகு.


தூரிகை

அம்மா, ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். பெயின்ற் வேலை 22 வருடமாகச் செய்கிறேன். கல்லடி நண்பர் கேட்டது சரியான கேள்வி. எந்தக் கறை எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் யார் காசு கொடுப்பது என்று பேச முடியாது.

நுளம்புத்திரிக் கறை சாம்பல் நிறமாக, திரி வைத்த மூலைக்கு மேலே தீநாக்குப்போல ஏறியிருக்கும். கற்பூரமும் சாம்பிராணியும் சாமித்தட்டுக்கு மேலே கரி பிடித்திருக்கும். குசினிப் புகை எண்ணெய்ப் பிசுக்கு, நகத்தால் சுரண்டினால் நகத்தில் ஒட்டும். தூசி என்றால் காய்ந்த துணிக்கே வந்துவிடும். சிகரட் அப்படியல்ல. அறை முழுவதும் ஒரே சீராக மஞ்சள் பரவி, காற்று சுழலும் இடத்தில், அதாவது காற்றாடிக்கு மேலேயும் ஏசி வாயிலும், கடுமையாக இருக்கும். அம்மா சொன்ன காற்றாடி வட்டம் அதுதான். மாரி தொடங்கிச் சுவர் வியர்க்கும்போது பாருங்கள், பழுப்பு நிறத்தில் துளித்துளியாக வடியும். குளியலறைக் கதவுக்கு மேலே அது கோடு கோடாக இறங்கிய வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். கலண்டருக்குக் கீழே வெள்ளையாக இருந்த சதுரம் மிக முக்கியம். அதன்மேல் எதையும் பூசிவிடாதீர்கள். அளவுகோலை வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள்.

இனிப் பெரிய பிழை எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன். அவசரத்துக்கு அதன்மேலே நேரே வெள்ளை இமல்ஷன் அடிப்பார்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். மூன்று கிழமையில் மஞ்சள் மேலே ஊறி வரும், ஏனென்றால் அந்தக் கறை தண்ணீரில் கரையும், இமல்ஷனிலும் தண்ணீர்தான் இருக்கிறது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தரம் கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, கறையை மூடுகிற எண்ணெய்ப் பிரைமர் ஒரு கோட் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் இமல்ஷன்.

உங்களுக்குச் சொன்ன 110,000ஐ இரண்டாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சிகரட்டே இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று வருடத்தில் அடிக்க வேண்டிய இமல்ஷன் இரண்டு கோட் ஒரு பக்கம். கழுவல், பிரைமர், அதற்கான கூலி மறுபக்கம். முதலாவது காலம் செய்தது, அது வீட்டுக்காரருக்கு. இரண்டாவது புகை செய்தது, அது புகைத்தவருக்கு. நான் இருபக்கச் சண்டையிலும் இப்படித்தான் கணக்குப் போட்டுக் கொடுப்பேன்.


கல்லடி வாடகைக்காரன்

தூரிகை அண்ணன் சொன்ன கணக்கை நான் ஒத்துக்கொள்கிறேன். அப்படிக் கேட்டால் நானும் மறுக்காமல் கொடுப்பேன். அந்த நீர்க்கறை வீட்டில் இப்படிப் பிரித்துக் காட்ட ஒருவர் இருந்திருந்தால் நல்லது.


மாடிவீட்டுத் தாய்

எனக்கு வேறு பிரச்சினை. கல்முனையில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்வீட்டில் இருப்பவர்கள் முன்படியில் இருந்து பிடிப்பார்கள். எங்கள் படுக்கையறை யன்னல் நேர் மேலே. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னலைப் பூட்டிக்கொண்டு படுக்க முடியாது, வெந்துபோவோம். திறந்தால் புகை. சின்ன மகனுக்கு நாலு வயது, இழுப்பு இருக்கிறது. போன ஆனி மாதத்தில் மட்டும் இரண்டு தடவை இரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூக்கில் மாஸ்க்கை வைத்து மருந்துப்புகை கொடுக்கும்போது அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தான், விடவில்லை.

கீழ்வீட்டு அண்ணனிடம் கணவர் தன்மையாகக் கேட்டார். "நான் வெளியிலதானே பிடிக்கிறன்" என்றாராம். வீட்டுச் சொந்தக்காரர் கட்டாரில். அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல அடையாளம் விழுகிறது, பதில் இல்லை. இதற்கு என்ன வழி? வீடு மாறச் சொல்லாதீர்கள், பாடசாலை பக்கத்தில்.


உறுதிக்கட்டு

தங்கச்சி, கீழ்வீட்டுக்காரர் சட்டம் எதையும் மீறவில்லை என்று நினைக்கலாம். ஆனால் முன்படி அவருக்கு மட்டும் வாடகைக்குக் கொடுத்த இடமா, எல்லோரும் ஏறி இறங்கும் படியா என்று பாருங்கள். பொதுப்படி என்றால் அங்கே என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று சொல்லும் உரிமை சொந்தக்காரரிடமே இருக்கிறது. இன்னொன்று, உங்களுக்கு வாடகைக்குக் கொடுத்த வீட்டை நீங்கள் தொந்தரவில்லாமல் பயன்படுத்த விடுவது வீட்டுக்காரரின் கடமை. அதற்குத்தான் வாடகை வாங்குகிறார்.

வட்ஸ்அப்பை விடுங்கள். திகதி போட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள், கட்டாருக்கு அல்ல, இங்கே வாடகையை வாங்கும் அவருடைய ஆளின் விலாசத்துக்கு. வைத்தியசாலைத் துண்டின் பிரதியையும் வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைக் கட்டடங்களில் கூடுவார்கள். சட்டத்தரணி தேவையில்லை. அங்கே யாரையும் தண்டிக்கமாட்டார்கள், இருவரையும் ஒரு மேசையில் இருத்திக் கதைக்க வைப்பார்கள். அயல் பிரச்சினைக்கு அதுதான் வேண்டும். நீதிமன்றம் போனால் வென்றவரும் தோற்றவரும் நாளைக்கும் அதே படியில்தான் ஏற வேண்டும்.


அக்கரைப்பற்று ஆசிரியர்

மாடிவீட்டுத் தங்கைக்கு ஒரு வார்த்தை. "வெளியில்தானே" என்பதை நம்பி நாங்களும் ஏமாந்திருக்கிறோம். எங்கள் வாப்பா சுருட்டுக்காரர். திண்ணையில்தான் இருப்பார். அது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி, எந்தப் புகையும் மேலே போய்விடும். அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு யோசித்தால், உம்மாவின் இருமல் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அதை நாங்கள் நோயாகவே கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது கட்டுகிற வீடுகள் வேறு. மேலே கொங்கிறீற் தட்டு, கீழே சீலிங், அலுமினிய யன்னல், ஏசி. புகை போக வழியே இல்லை. அறையில் பிடித்துவிட்டு யன்னலைத் திறந்தால் போதும் என்பது சரிவராது. அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2006இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது: பிறர் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை, காற்றோட்டம் வைத்தோ வேறு அறையில் பிடித்தோ அதை இல்லாமல் செய்ய முடியாது. அந்தப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன்.

நாவற்குடா சகோதரி, உங்கள் பயம் வீண் பயம் அல்ல. சுவரிலும் திரைச்சீலையிலும் படிந்த நிக்கொட்டின் அங்கேயே சும்மா இருப்பதில்லை, மெல்ல மெல்லக் காற்றுக்குத் திரும்பி வருகிறது. கலிபோர்னியாவில் புகைபிடிப்பவர்கள் வெளியேறிய வீடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். துப்புரவு செய்து, சராசரி இரண்டு மாதம் ஆளில்லாமல் இருந்த பிறகும் தூசியிலும் மேற்பரப்புகளிலும் நிக்கொட்டின் இருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களின் விரல்களிலும் அது ஒட்டியிருந்தது. தவழ்கிற பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில்தானே வைக்கும். திரைச்சீலை, மெத்தை எதுவும் பழையது இருந்தால் அகற்றிவிடுங்கள். ஏசியைக் கழற்றி உள்ளே கழுவச் சொல்லுங்கள், வெறும் பில்டரை மட்டும் அல்ல.


ஸ்காபரோ மட்டக்களப்பான்

இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் 2018இல் பெரும்பாலான வீட்டு வாடகைகளுக்கு ஒரே மாதிரியான அரச படிவம் கொண்டுவந்தார்கள். அதில் புகைபிடித்தலுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. விதி உண்டா, இல்லையா, உண்டென்றால் என்ன என்று அதில் நிரப்ப வேண்டும். அடுக்குமாடியின் படிக்கட்டு, லிப்ட், நடைபாதை போன்ற பொது இடங்களில் பிடிப்பதற்குச் சட்டத்திலேயே தடை. இங்கே சேதத்துக்கென்று அட்வான்ஸ் வாங்க முடியாது, கடைசி மாத வாடகை மட்டும்தான் முன்கூட்டி வாங்கலாம். சேதம் என்றால் வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போய் நிரூபித்துத்தான் வாங்க வேண்டும். நான் இரண்டு வாடகை வீட்டில் இருந்தவன், அந்தப் பகுதியை நிரப்பும்போது வெட்கமோ கோபமோ வருவதில்லை. வாடகை எவ்வளவு என்று கேட்பதுபோல அதுவும் ஒரு கேள்வி. ஊரில் அதைக் கேட்பதை மரியாதைக்குறைவு என்று நினைக்கிறோம், அதனால்தான் படலையடியில் வாயால் முடித்துவிடுகிறோம்.


வந்தாறுமூலை மாணவன்

நாங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஆறு பேர் ஒரு வீடு எடுத்திருக்கிறோம். ஒருவன் மட்டும் பிடிக்கிறான். ஒப்பந்தத்தில் என் பெயர்தான் இருக்கிறது. வெளியேறும்போது நான் மட்டும் மாட்டுவேனா?


உறுதிக்கட்டு

தம்பி, கையெழுத்து வைத்தவரைத்தான் வீட்டுக்காரர் கேட்பார். அவன் பிடித்தான் என்பது உங்களுக்குள் தீர்க்க வேண்டியது. ஆறு பேரும் கையெழுத்து வையுங்கள், அல்லது உங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

நாவற்குடா அம்மாவுக்கு மேல்தட்டுக்கான வாசகம். இதை அப்படியே உங்கள் நொத்தாரிசிடம் கொடுத்து, திருத்தித் தரச் சொல்லுங்கள்:

"குத்தகை பெறுநரோ அவருடன் வசிப்போரோ விருந்தினரோ வீட்டின் உட்பகுதி, மாடி விறாந்தை, படிக்கட்டு ஆகிய இடங்களில் சிகரட், பீடி, சுருட்டு, மின்சிகரட் உட்பட எதையும் புகைத்தல் ஆகாது. வளவின் பின்பக்கம் ஒதுக்கிய இடத்தில் மாத்திரம் புகைக்கலாம். மீறியதால் சுவர், சீலிங், மரம், குளிரூட்டி என்பவற்றில் ஏற்படும் கறையையும் மணத்தையும் நீக்கும் செலவு குத்தகை பெறுநருடையது. சாதாரண மறுபூச்சுச் செலவு குத்தகை வழங்குநருடையது."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் வருகிறவர் மனம் ஒப்பிக் கையெழுத்து வைப்பார். பார்வையிட வருவதற்கு இரண்டு நாள் முன்னறிவித்தல் என்றும் போடுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு வீடு அவர் வசம், நினைத்த நேரம் கதவைத் திறந்துகொண்டு போக முடியாது. பிரச்சினை வந்தாலும் பூட்டை மாற்றுவது, கறண்டை வெட்டுவது எதுவும் செய்யாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் போனால், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியே தள்ளப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லி நீதவான் கட்டளையிடலாம். சரியான பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் அந்த ஒரு பூட்டினால் பிழையான பக்கத்துக்குப் போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகப் போட்டோ எடுத்து, இருவர் தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். சீலிங்கை மறக்க வேண்டாம். எல்லோரும் தரையைத்தான் எடுப்பார்கள்.


கல்லடி வாடகைக்காரன்

அந்தப் பின்பக்க இடத்தைப் பற்றி ஒன்று. வெறுமனே "பின்பக்கம்" என்றால் மழைக்கு நாங்கள் உள்ளேதான் வருவோம், உண்மையைச் சொல்கிறேன். ஒரு தகரத் தாழ்வாரம், இருக்க ஒரு கல், மண் நிரப்பிய ஒரு சட்டி வைத்துக் கொடுங்கள். வேலியோரமாக வைக்காதீர்கள். பக்கத்து வளவில் கிடுகு வேலி என்றால் கச்சான் காலத்தில் ஒரு கட்டைச் சிகரட் போதும். போன வருடம் எங்கள் ஒழுங்கையில் அப்படிப் பற்றி, நான்கு பேர் வாளியோடு ஓடி அணைத்தோம். அது என் கட்டை இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் மண்சட்டி இல்லாமல் பிடிப்பதில்லை.


மாடிவீட்டுத் தாய்

கடிதம் அனுப்பினோம். வாடகை வாங்க வருகிற மாமா கையோடு கீழ்வீட்டில் கதைத்திருக்கிறார். மகனின் ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டியவுடன் கீழ்வீட்டு அண்ணன் ஒன்றும் பேசவில்லையாம். நேற்று இரவு படியில் யாரும் இல்லை. பின்பக்கக் கிணற்றடியில் சின்னதாக ஒரு நெருப்புப் புள்ளி தெரிந்தது. யன்னலைத் திறந்துவிட்டுப் படுத்தோம்.


நாவற்குடா அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்தத் தம்பியை வீட்டுக்கே வரச்சொன்னேன். முதலில் கலண்டர் இருந்த சதுரத்தைக் காட்டினேன். குடிபூரல் வீடியோவைப் போட்டேன். பிறகு தூரிகைத் தம்பி சொன்னபடி பிரித்து வாங்கிய கணக்கைக் கொடுத்தேன். இமல்ஷன் 70,000, அது எங்களுடையது. கழுவலும் பிரைமரும் 40,000, யன்னல் சட்டம் 4,000, ஏசி கழுவ 6,000. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழை நாளில தொடங்கினது அம்மா, பிறகு பழகிட்டுது" என்றார். 50,000 கழித்து 160,000 கையில் கொடுத்தேன். இருவரும் தாளில் கையெழுத்து வைத்தோம். போகும்போது மகளின் சுகத்தைக் கேட்டுவிட்டுப் போனார்.

மேல்தட்டு உறுதி வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம். வருகிறவர்களுக்கு அந்த வாசகத்தை முன்கூட்டியே வாசிக்கக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் சுருட்டுக் குடிப்பவராம், தாழ்வாரத்துக்கு ஒரு கதிரையும் கேட்டார்கள். போட்டுக் கொடுக்கிறேன் என்றேன்.

தூரிகைத் தம்பி, பிரைமர் அடித்து எத்தனை நாள் விட வேண்டும்?


தூரிகை

ஒரு நாள் போதும் என்று டின்னில் போட்டிருப்பார்கள். மாரி ஈரத்துக்கு இரண்டு நாள் விடுங்கள் அம்மா. யன்னல் எல்லாம் திறந்து, காற்றாடியை மெதுவாக ஓடவிடுங்கள். எண்ணெய்ப் பிரைமர் மணம் கடுமையானது, மகள் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். எல்லாம் முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு சீலிங்கைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது மஞ்சள் ஊறியிருந்தால் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.